ஞாயித்துக்கிழமை, வண்டிக்கு அடியில

வாடகைக்கு வண்டி ஓட்டுதவனுக்குக் கண்ணு ரோட்டுல இருக்கும், கை ஸ்டியரிங்குல இருக்கும், காது மட்டும் எப்பவும் வண்டிக்கு அடியில தொங்கிக்கிட்டே வரும். பழைய பிக்கப் ஒண்ண வாங்கி, அத வச்சுப் பொழைச்சிரலாம்னு எறங்குன பாவிகள் யாராச்சும் இதப் படிச்சா, நான் சொல்லுதது உடனே புரியும். சோத்துல கைய வச்சிருப்போம். 'முக்கு திரும்பும்போது டக்குன்னு கேட்டுதே, அது என்னதா இருக்கும்?'னு ஒரு எண்ணம் வரும். அவ்வளவுதான். எச்சிக் கையோட எந்திரிச்சுப் போயி வண்டிக்கு அடியில குனிஞ்சு பாப்போம். ஒண்ணும் இருக்காது. திரும்பி வந்தா சோறு ஆறிப்போயி இருக்கும், பொண்டாட்டி மூஞ்சி கொதிச்சுப்போயி இருக்கும்.

எனக்குச் சீவலப்பேரி. தொண்ணூறுகள்ல, இருந்த எடத்துல இருக்க முடியாம நாலு வேலை மாறி, கடைசில வண்டிக்கு வந்தவன் நான். வாழைத்தாரு, மீன்பெட்டி, வீட்டுச் சாமான், கல்யாணச் சீரு, எது கெடச்சாலும் ஏத்துவேன். ஓடிக்கிட்டே இருக்கணும், எனக்கு அதான் வேணும். அந்த ஓட்டத்துக்கு எமனா வந்தது வண்டிக்கு அடியில ஒரு இரும்புக் குழா. அந்தக் கதையத்தான் சொல்லுதேன்.

வளையலு வர்றதுக்குள்ள

எஞ்சின் சுத்துத சுத்தைப் பின் சக்கரத்துக்குக் கொண்டு சேக்க, அடியில நீளமா ஒரு இரும்புக் குழா உண்டு. ஷாஃப்ட்டுன்னு சொல்லுவோம். அதோட ரெண்டு முனையிலயும் நம்ம முழங்கை மாதிரி மடங்குத ஒரு கூட்டு. அந்தக் கூட்டுக்குள்ள கூட்டல் குறி போட்டாப்ல ஒரு இரும்பு இருக்கும், அதுக்குப் பேரு கிராஸ். அங்கன கிரீஸ் காஞ்சுட்டுன்னா மொதல்ல கிணுகிணுன்னு சத்தம் கேக்கும். நாம பாட்டைச் சத்தமா வச்சுக்கிட்டு ஓட்டுவோம். பொறவு ஒரு நாளு ஷாஃப்ட்டே கழண்டு ரோட்டுல விழும்.

எனக்கு மொத தடவ விழுந்தது வாழைத்தார் ஏத்திக்கிட்டு வரும்போது. அத யாரும் பெருசா எடுத்துக்கிடல. ரெண்டாவது தடவ விழுந்தது ஆழ்வார்திருநகரிக்கு மூணு மைலு இருக்கும்போது. என் பொண்டாட்டி பேச்சியோட தங்கச்சிக்கு அன்னைக்கு வளைகாப்பு. பின்னால பதினோரு பொம்பளையாளு, அஞ்சு வகைச் சோறு, கூடை நிறைய வளையலு. டமார்னு ஒரு சத்தம், வண்டி நின்னுட்டு. பஸ்ஸப் பிடிச்சு இவங்க போய்ச் சேரதுக்குள்ள நல்ல நேரம் முடிஞ்சு ராகுகாலம் வந்துட்டு.

பேச்சி பீடி சுத்துதவ. இலையை அளந்து வெட்டி, ஒண்ணு போல உருட்டி அடுக்கி வைக்குத நிதானம் அவ பேச்சுலயும் உண்டு. அழவும் இல்ல, கத்தவும் இல்ல. தங்கச்சி வீட்டு வாசல்ல எல்லாரும் பாக்க என் கையைப் பிடிச்சுத் தன் தலையில வச்சா. "இதோட ரெண்டு. மூணாவது தடவ இந்த வண்டி நடுரோட்டுல நின்னுட்டுன்னா, வித்துட்டு எங்க அண்ணன்கூடப் பம்பாய்க்குப் போயிரணும். சத்தியம் பண்ணுங்க"ன்னா. அவ அண்ணனுக்குப் பம்பாயில இட்லி யாவாரம். நான் முன்னால ஆறு மாசம் அங்க இருந்து பாத்தவன். விடியக்காலையில இருந்து ஒரே அடுப்பு, ஒரே செவரு, நின்ன எடத்துலயே நிக்கணும். எனக்குக் கோட்டி பிடிச்சுப் பைத்தியமா அலையாத குறை. ஆனா அன்னைக்கு இருந்த வெக்கத்துல சத்தியம் பண்ணிட்டேன். பொண்டாட்டி தலையில அடிச்ச சத்தியம், மீறுனா அவளுக்குல்லா ஆகாது.

மறுநாளு ஷாஃப்ட்டைத் தோள்ல தூக்கிக்கிட்டு வண்ணார்பேட்டை மெக்கானிக் அண்ணாச்சிகிட்ட போனேன். பொடிஞ்சு கெடந்த கிராஸை விரலால சுரண்டிப் பாத்துட்டு, "ஏலே, இதுக்குக் கிரீஸ் அடிச்சு எத்தன நாளாச்சு?"ன்னு கேட்டாரு. "இதுக்குமா அடிக்கணும்?"னேன். அண்ணாச்சி கையில இருந்த ஸ்பேனரைக் கீழ வச்சிட்டாரு.

"நீ வண்டி ஓட்டலலே. பட்டினி போட்டுல்லா வேலை வாங்கியிருக்க."

பெருவிரலு

அன்னையில இருந்து ஞாயித்துக்கிழமையானா நான் வண்டிக்கு அடியில. கிரீஸ் கன் ஒண்ணு வாங்கிட்டேன். ஒரு சாக்கை விரிச்சு மல்லாக்கப் படுத்து, கிராஸ்ல இருக்க நிப்பிளைத் தேடிப் பிடிக்கணும். நிப்பிளுன்னா ஒண்ணுமில்ல, கிரீஸ் உள்ள போறதுக்கு இருக்க சின்ன இரும்புக் குமிழு. அதத் துணியால நல்லா தொடச்சிட்டுத்தான் கன்னோட வாயை வைக்கணும்னு அண்ணாச்சி சொல்லியிருந்தாரு. எனக்கு எங்க பொறுமை? தொடைக்காம வச்சு அமுக்குனேன். நிப்பிளுக்குள்ள மண்ணு அடைச்சுக்கிட்டு, கிரீஸ் உள்ள போகாம பக்கத்தால பிதுங்கி என் மீசையில விழுந்துச்சு. ஊசியால மண்ணை நோண்டி எடுத்துட்டு மறுபடி அடிச்சேன். பழைய கிரீஸ் கருப்பா வெளிய வந்து, பின்னாலயே புதுசு மஞ்சளா எட்டிப் பாத்துச்சு. நம்புங்க, புள்ள பொறந்த மாதிரி சந்தோசம்.

அடிச்சு முடிச்ச பொறவும் எந்திரிக்க மனசு வரல. ஷாஃப்ட்டைக் கையால பைய உருட்டி, காதை வச்சுக் கேட்டுக்கிட்டே கெடந்தேன். எதிர்வீட்டுச் சுப்பையா கொத்தனாரு. வண்டிக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருந்த என் ரெண்டு காலைப் பாத்துட்டுக் கூப்பிட்டிருக்காரு. என் காதுதான் இரும்புல இருக்கே, கேக்கல. மனுசன் பதறிப்போயி, "ஏ பேச்சி, ஒன் வீட்டுக்காரரு அடியில மாட்டிக்கிட்டாரு போலுக்கு, பேச்சு மூச்சே காணும்!"னு சத்தம் போட்டாரு. நடையில உக்காந்து பீடி சுத்திக்கிட்டிருந்த பேச்சி மடியில இருந்த இலைச் சொளவுல இருந்து தலையைத் தூக்காமலே பதில் சொன்னா.

"உசுரோடதான் இருக்காரு. பெருவிரலு ஆடுது பாருங்க."

ஒரு சாணு தள்ளுங்க

இந்த நிப்பிளுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு, ஒங்களுக்கே தெரிஞ்சிருக்கும். நாம கன்னைத் தூக்கிக்கிட்டு அடியில போனா அது மேல பாத்து நிக்கும். கை போகாது. வண்டியக் கொஞ்சம் உருட்டுனாத்தான் ஷாஃப்ட் சுத்தி நிப்பிளு கீழ எறங்கும். தனியா தள்ளவும் முடியாது, தள்ளிக்கிட்டே குனிஞ்சு பாக்கவும் முடியாது. ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு நடையில பேச்சிகூட ஏழெட்டுப் பொம்பளையாளு பீடி சுத்துவாங்க. அவங்களைக் கூப்பிட்டேன். "ஒரு சாணு தள்ளுனாப் போதும், தாயி"ன்னேன்.

அவங்களுக்கும் உக்காந்து உக்காந்து இடுப்புப் பிடிச்சுப் போயிருக்கும் போல. ஆவுடையக்கா, அதுல மூத்தவ, சேலையை ஏத்திச் சொருகிக்கிட்டு "ஏளா, எல்லாரும் பிடி"ன்னா. நான் பக்கத்துல குத்தவச்சு நிப்பிளையே பாத்துக்கிட்டிருந்தேன். நிப்பிளு கீழ வந்துச்சு. அதப் பாத்த சந்தோசத்துல வாயத் தொறக்க மறந்துட்டேன். நிப்பிளு மறுபடி மேல போயிட்டு. எங்க தெரு வாய்க்காலைப் பாத்துச் சரிவு. வண்டி என்னத் தாண்டி, பீடிக்காரங்க கையைத் தாண்டி, தானா உருண்டு போயி சுப்பையா கொத்தனார் வீட்டு எருக்குழியில முன் சக்கரத்த எறக்கிட்டு. "ஒரு சாணுன்னுல்லா சொன்னேன்!"னு கத்துனேன். "ஒரு சாணுன்னு சொன்ன, போதும்னு எப்ப சொன்ன தம்பி?"ன்னு ஆவுடையக்கா திருப்பிக் கேட்டா.

எனக்கு அதுகூடப் பெருசு இல்ல. நெனப்புக்கு வந்தது சத்தியம். இது மூணாவது தடவையாயிட்டோ? பைய பேச்சி மூஞ்சியப் பாத்தேன். அவ எருக்குழியவும் வண்டியவும் நல்லா பாத்து யோசிச்சுத் தீர்ப்பு சொன்னா.

"நடுரோடுதான் சத்தியத்துல இருக்கு. எருக்குழி இல்ல."

ராட்டு

கொஞ்ச நாளுல எனக்கு இது ஒரு வியாதியாவே ஆயிட்டு. கையில கிரீஸ் கன் இருந்தா எதுல சத்தம் கேட்டாலும் அடிச்சிருவேன். கதவுக் கீலு, சுப்பையாவோட சைக்கிளு, தெருக் கெணத்து ராட்டு. ராட்டு கீச்சுக் கீச்சுங்கது எனக்குத் தூக்கத்துலயும் கேக்கும். ஒரு ஞாயித்துக்கிழமை ஏறி நின்னு அதுக்கு ஒரு அமுக்கு அமுக்கிட்டேன். சத்தம் நின்னுட்டு. ஆனா கிரீஸ் கயித்துல எறங்கி, கயித்துல இருந்து வாளிக்குப் போயிட்டு. மறுநாளு காலையில ஆவுடையக்கா கொடத்தோட எங்க வாசல்ல வந்து நின்னா.

"ஒன் புண்ணியத்துல கொழம்பு தாளிக்க எண்ணெய் மிச்சம் தம்பி. தண்ணியிலயே மெதக்கு."

பூசை நாளு

சரஸ்வதி பூசை வந்துச்சு. வருசத்துக்கு ஒரு தடவ ஷாஃப்ட்டைக் கழத்தி, பிரிச்சு, மண்ணெண்ணெயில கழுவிக் கிரீஸ் போட்டா நல்லதுன்னு அண்ணாச்சி ஒரு நாளு சொன்னாரு. கூடவே, "நீ கை வைக்காத, இங்கன கொண்டா"ன்னும் சொன்னாரு. நான் ரெண்டாவது சொன்னத விட்டுட்டேன். ஷாஃப்ட் ஒரே குழா இல்ல. ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகுத ரெண்டு துண்டு. சொருகும்போது ரெண்டு முனையிலயும் கவட்டை மாதிரி இருக்க கவையும் ஒரே பார்வையா நிக்கணும், ஒண்ணு கெழக்க பாத்து ஒண்ணு வடக்க பாத்தா வண்டி ஒதறும். அதனால பிரிக்கதுக்கு முன்னாலயே ரெண்டு துண்டுலயும் அடையாளம் வைக்கணும். எனக்கு இது தெரியும். வெத்தலைக்கு வச்சிருந்த சுண்ணாம்பத் தொட்டு, ரெண்டுலயும் நேருக்கு நேரா ஒரு கோடு இழுத்தேன். பிரிச்சேன், கழுவுனேன், நடையில பாயில வச்சிட்டுக் குளிக்க ஆத்துக்குப் போனேன்.

திரும்பி வந்தா வீடே பூசைக்கு ரெடி. பேச்சி சுத்தியலுக்குப் பொட்டு வச்சிருக்கா, ஸ்பேனருக்கு வச்சிருக்கா, பீடி இலை வெட்டுத கத்திரிக்கு வச்சிருக்கா, கிரீஸ் கன்னுக்கு வச்சிருக்கா. ஷாஃப்ட்டோட ரெண்டு துண்டுலயும் சந்தனமும் குங்குமமுமா ஆளுக்கொரு பொட்டு. சுண்ணாம்புக் கோட்டைக் காணும். 'அடடா, என் கோட்டு மேலயே பொட்டு வச்சிருக்கா, எவ்வளவு கெட்டிக்காரி!'ன்னு நெனச்சேன். இங்கதான் என் புத்தி மேயப் போயிட்டு. ஒரு வார்த்த கேட்டிருக்கணும். கேக்கல. பொட்டுக்கு நேர பொட்டை வச்சுச் சொருகி, கிரீஸ் அடிச்சு, போல்ட்டை முடுக்கி, எலுமிச்சம்பழத்த நசுக்கி வண்டியக் கெளப்புனேன்.

தெருவுல நல்லாத்தான் போச்சு. ரோட்டுல ஏறி வேகம் எடுத்ததும் காலுக்கு அடியில இருந்து ஒரு நடுக்கம். ஸ்டியரிங் நடுங்குது, கண்ணாடி நடுங்குது, என் பல்லும் நடுங்குது. பக்கத்துல, ஓசியில பாளையங்கோட்டைக்கு வந்த சுப்பையா கொத்தனாரு கன்னத்துல போட்டுக்கிட்டாரு.

"பூசை போட்ட வண்டிலா. அருளு வந்து ஆடுது."

புன்னக்காயல் மீனு

வாரத்துக்கு மூணு நாளு புன்னக்காயல்ல இருந்து சூசை அண்ணனோட மீன்பெட்டிய ஏத்திக்கிட்டு வருவேன். அவரு ஒரு மாதிரி ஆளு, மீனை வெலை சொல்லும்போதுகூடச் சிரிக்க மாட்டாரு. பூசைக்குப் பொறவு ஒரு நாளு என்கூட முன்னால உக்காந்து வந்தாரு. நான் வேகத்தக் கொறைச்சா நடுக்கம் நிக்கும், ஆனா ஐஸ் உருகிரும். வேகத்தக் கூட்டுனா ஐஸ் நிக்கும், வண்டி ஆடும். ரெண்டுக்கும் நடுவுல காலை மாத்தி மாத்தி அழுத்திக்கிட்டே வந்தேன். 'இங்கன நின்னுராத தாயி, இங்கன நின்னுராத'ன்னு வாய் முனங்கிக்கிட்டே வந்துச்சு. சந்தையில எறங்கிப் பெட்டியத் தொறந்தா, ஐஸெல்லாம் பொடிஞ்சு அடியில போயி, மீனெல்லாம் மேல வந்து தலைமாடு கால்மாடா கெடக்கு. சூசை அண்ணன் மீனைப் பாத்தாரு, வண்டியப் பாத்தாரு, என்னப் பாத்தாரு.

"வே, நான் ஏத்துனது செத்த மீனு. உம்ம வண்டியில ஏறுன பொறவுல்லா துடிக்குது."

சாரோட காலு

ஆழ்வார்திருநகரியில ஒரு ரிட்டயர்டு கணக்கு வாத்தியாரு. மகன் சென்னையில, அங்கயே போயி இருந்துக்கிடலாம்னு வீட்டக் காலி பண்ணுனாரு. பாத்திரமும் பொஸ்தகமுமா ஏத்தி, திருநெல்வேலி ரயிலடியில கொண்டு எறக்கணும். அந்த நேரத்துல நான் பாக்காத வைத்தியம் இல்ல. சக்கரத்த மாத்திப் போட்டேன், எஞ்சினைத் தாங்குத ரப்பரை மாத்துனேன், டயர்ல காத்தைக் கூட்டுனேன், கொறைச்சேன். டீக்கடையில நாலு பேரு நாலு வியாதி சொன்னான். நாலுக்கும் மருந்து பண்ணேன். ஷாஃப்ட்டை மட்டும் சந்தேகப்படல, அது என் கையால செஞ்சதுல்லா!

சாரு வழி முழுக்க மூக்குக் கண்ணாடி நழுவ நழுவ ஏத்தி விட்டுக்கிட்டு வந்தாரு. கடைசில கண்ணாடியக் கழத்திச் சட்டைப் பையில போட்டுட்டாரு. பாத்திர மூட்டையில இருந்து ஒரே தாளம். எனக்கு அவமானத்துல காது சுட்டுச்சு. ரயிலடியில எறங்கி, "மன்னிச்சுக்கிடுங்க சார், இந்த ஆட்டம் எதுலன்னு கண்டுபிடிக்க முடியல"ன்னேன். அவரு எறங்கி ரெண்டு எட்டு நடந்து பாத்தாரு.

"இருக்கட்டும்ப்பா. பத்து வருஷமா மரத்துக் கிடந்த இடது கால்ல இப்பத்தான் உணர்ச்சி வந்திருக்கு."

பொய்

கடைசில அண்ணாச்சிகிட்டயே போனேன். அவரு ஓட்டிப் பாத்தாரு. எறங்குனதும் கேட்ட மொத கேள்வி, "ஷாஃப்ட்டுல கை வச்சியா?" கை வைக்காதன்னு சொன்ன மனுசன்கிட்ட எப்படிச் சொல்ல? பட்டறையில பத்துப் பேரு நிக்கான். "தொடவே இல்ல அண்ணாச்சி, வெளிய இருந்து கிரீஸ் அடிச்சதோட சரி"ன்னேன். என் காலு சும்மா இருக்காம தரையில தாளம் போட்டுச்சு. அண்ணாச்சி அந்தக் காலையே கொஞ்ச நேரம் பாத்தாரு.

"ஷாஃப்ட்டைத் தொடலைன்னா வண்டியில கோளாறு இல்லலே. ஒன்கிட்டதான் இருக்கு."

அண்ணன் வந்த தீபாவளி

தீபாவளிக்குப் பேச்சியோட அண்ணன் பம்பாயில இருந்து வந்துட்டாரு. மறுநாளு அவரு மகளுக்கு மொட்டையடிக்க, ஆழ்வார்திருநகரி தாண்டி இருக்க அவங்க கொலசாமி கோயிலுக்கு எல்லாரும் கெளம்புனாங்க. வேற வண்டி பிடிப்போம்னு நான் சொல்லிப் பாத்தேன். "வீட்டுல வண்டிய வச்சுக்கிட்டு வேற வண்டியா?"ன்னு மச்சான் ஏறி உக்காந்துட்டாரு. பின்னால சொந்தக்காரங்க, முன்னால நான், நடுவுல பேச்சி, ஓரத்துல மச்சான். ஊரைத் தாண்டி வேகம் எடுத்ததும் ஆட்டம் தொடங்கிட்டு. அவரு அந்த ஆட்டத்துலயும் பம்பாயப் பத்தியே பேசிக்கிட்டு வந்தாரு. "மாப்ள, புதுசா ஒரு கடை பாத்துருக்கேன். ஒமக்கு அலைச்சலே கெடையாது. காலையில நின்னா மத்தியானம் வரைக்கும் நின்ன எடத்துலயே வேலை." சட்டை நனைஞ்சு முதுகுல ஒட்டிக்கிட்டு. பேச்சி அண்ணனைப் பாக்கல. துறுதுறுன்னு ஆடிக்கிட்டிருந்த என் இடது காலையே பாத்துக்கிட்டு வந்தா.

"இந்த ஆட்டம் பூசைக்கு முன்னால இல்லையே. அன்னைக்கு என்னத்தக் கழத்துனீங்க?"ன்னு கேட்டா. அண்ணாச்சிகிட்ட சொல்ல முடிஞ்ச பொய் அவகிட்ட வரல. "ஷாஃப்ட்டை"ன்னேன். "வண்டிய நிறுத்துங்க"ன்னா. "மாட்டேன்"னேன். கல்யாணம் ஆகி அவ சொல்ல நான் மறுத்தது அன்னைக்குத்தான் மொத தடவ. நின்ன வண்டி திரும்பக் கெளம்பாட்டா என் கதி? "நிறுத்துங்கன்னு சொல்லுதேன்லா." குரலு ஒசரல, ஆனா என் காலு தானா பிரேக்கை அமுக்கிட்டு. ஒரு பக்கம் வாழைத்தோட்டம், ஒரு பக்கம் வாய்க்காலு, நட்ட நடு ரோடு.

பேச்சி எறங்கிச் சேலையைச் சொருகிக்கிட்டு வண்டிக்கு அடியில குனிஞ்சா. மூணு வாரத்து மண்ணையும் கிரீஸையும் முந்தானையால தொடச்சா. சந்தனம் போயிட்டு, குங்குமக் கறை மட்டும் ரெண்டு எடத்துல செவப்பா தெரிஞ்சுச்சு. "இந்த ரெண்டு பொட்டும் எப்படி ஒரே நேருக்கு வந்துச்சு?"ன்னு கேட்டா. "நீதான வச்ச? என் சுண்ணாம்புக் கோட்டு மேல"ன்னேன். "நான் எங்க கோட்டுல வச்சேன்? பாயில ஒண்ணு மல்லாக்கக் கெடந்துச்சு, ஒண்ணு ஒருச்சாஞ்சு கெடந்துச்சு. மேல பாத்த பக்கத்துல வச்சேன். சுண்ணாம்ப அழுக்குன்னுல்லா தொடச்சுட்டேன்."

அப்ப கோணலா சொருகுனது நான்தான். பொறவு சீட்டுக்கு அடியில இருந்து ஸ்பேனரை எடுத்தேன். சக்கரத்துக்குக் கல்லை வச்சு, மல்லாக்கப் படுத்து, பின்பக்கத்து நாலு போல்ட்டைக் கழத்தி, ஷாஃப்ட்டை உருவி, கால் சுத்து திருப்பி, ரெண்டு கவையும் ஒரே பார்வையா சொருகி முடுக்குனேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும். வழியில போன பஸ்ஸெல்லாம் எட்டிப் பாத்துட்டுப் போச்சு. எல்லாரையும் எறக்கி விட்டுட்டு நான் மட்டும் ஏறி, வாழைத்தோட்டம் முடியுத வரைக்கும் வெரட்டிட்டுத் திரும்பி வந்தேன். நடுக்கம் இல்ல, சத்தம் இல்ல. எனக்குக் கண்ணு கலங்கிட்டு, வெக்கமில்லாமச் சொல்லுதேன்.

மச்சான் நல்ல மனுசன், ஆனா வாக்குன்னா வாக்கு அவருக்கு. "ஓட்டம் சரியாயிட்டு மாப்ள, இல்லைங்கல. ஆனா சத்தியம்னு ஒண்ணு இருக்குல்லா? மூணாவது தடவையா நடுரோட்டுல நின்னுட்டுல்லா?"ன்னு கேட்டாரு. சொந்தக்காரங்க அத்தன பேரும் என் வாயப் பாத்தாங்க. இவ தலையில அடிச்ச சத்தியம். எப்படி இல்லைன்னு சொல்ல? "ஆமா மச்சான், நின்னுட்டு"ன்னேன். அப்ப பேச்சி, கிரீஸ் அப்புன முந்தானையை ஒதறி இடுப்புல சொருகிக்கிட்டு, மொத ஆளா வண்டியில ஏறி உக்காந்தா.

"அது எங்க நின்னுச்சு? நான்லா நிறுத்துனேன்."

இப்ப ஷாஃப்ட்டுல அடையாளத்த உளியால வெட்டியே வச்சிருக்கேன், இருந்தாலும் பூசைக்குப் பேச்சி பொட்டு வச்சு முடிச்சு நடையை விட்டு எந்திரிக்குத வரைக்கும் ஒரு போல்ட்டையும் நான் தொடுறதில்ல, ஏன்னா வண்டி நின்னுச்சா நிறுத்துனமான்னு தீர்ப்பு சொல்லுத ஆளு எங்க வீட்டுல ஒண்ணே ஒண்ணுதான்.